குட்டி யானையின் முதுகில் ஒரு பெட்டி

இந்த மாதம் ஓர் இரும்புப் பெட்டியைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். போதகர் ஒருவர் இரும்புப் பெட்டியைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். பொறுமையோடு இறுதிவரை வாசியுங்கள். உங்களில் அநேகர் சொந்த ஊரை விட்டு மும்பை, பூனா, சூரத், பெங்களூர் போன்ற பட்டணங்களுக்கு வந்து, சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதைக்கொண்டு குடும்பத்தைத் தாங்குகிறவர்கள். பிளம்பிங், மின்சாரம், தச்சு, ஏ.சி. பழுதுபார்த்தல் என்று எந்த வேலையைச் செய்தாலும், உங்கள் கருவிகள் அந்த வண்டியின் பின்பக்கத்தில்தான் பயணம் செய்கின்றன. அவற்றை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பது சிறிய காரியம் அல்ல. அதைக் கற்றுக்கொள்ள நாங்கள் கொடுத்த விலை பெரியது. அந்த விலையில் ஒரு பங்கு என்னால் உண்டானது. ஆகையால்தான் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது. தாராவியில் 90 அடி சாலைக்கு அருகில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். பிளம்பிங் ஒப்பந்த வேலை செய்கிறவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடன் வாங்கி ஒரு டாடா ஏஸ் வண்டி வாங்கியிருந்தார். 2005ஆம் ஆண்டு மே மாதம் அறிமுகமான அந்த வண்டியை மும்பையில் ‘சோட்டா ஹாத்தி’ என்பார்கள். நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று அழைப்பதும் அதே பொருளில்தான். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம், குறுகிய சந்திலும் திரும்பக்கூடிய உடல். எத்தனையோ கூலிக்காரரை முதலாளிகளாக்கிய வண்டி அது.

அவரிடத்தில் ஒரு தம்பி உதவியாளனாக வேலை செய்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயது. மாதச் சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயும் சாப்பாடும். பேச்சு குறைவு, கை வேகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய்களையும் ஒலிபெருக்கியையும் வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூட அறைக்கு அதே வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறவனும் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை இரவு. கார்கரில் ஒரு கட்டடத்தில் வேலை முடித்து, வாஷி பாலம் கடந்து, மான்கூர்ட், செம்பூர், சயான் வழியாக அவர்கள் திரும்பினார்கள். மும்பையின் ஆடி மாத மழையை அறிந்தவர்களுக்கு அந்தச் சாலையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. மீந்துபோன பி.வி.சி. குழாய்களைக் கட்டாகக் கட்டி, அதன் மேல் கருவிப் பையை வைத்து, தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். வீடு வந்து சேரும்போது மணி பதினொன்று. கொட்டுகிற மழையில் ஒருவரும் தார்ப்பாயைத் திறந்து பார்க்கவில்லை. “நீ வண்டியிலேயே படுத்துக்கோ” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். கேபினுக்குள் மழைநீர் ஒழுகியதால், அவன் எதிரே இருந்த கடைத் திண்ணையில் ஒதுங்கிப் படுத்துக்கொண்டான்.

காலையில் பார்த்தபோது தார்ப்பாயின் பின்மூலைக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. கருவிப் பை இல்லை. பெரிய டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், மூன்று பைப் ரெஞ்ச், குழாய்களுக்கு மரை வெட்டும் டை செட், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 22,000 ரூபாய் மதிப்பு. அடுத்த நாள் வேலைக்குப் போகக் கையில் ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இல்லை.

கயிற்றை அவிழ்த்தவன் யார்? கட்டியவன் தம்பி. காவல் இருக்கவேண்டியவன் தம்பி. இருக்கவேண்டிய இடத்தில் இல்லாதவனும் தம்பி. கணக்கு எளிதாக முடிந்துவிட்டது. சகோதரர் அவனை என்னிடம் அழைத்துவந்து, “ஐயா, நான் கேட்டா சரியா வராது. நீங்க கேளுங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டான்” என்றார்.

நான் கேட்டேன். அடிக்கவில்லை, அதட்டவில்லை. மிகவும் சாந்தமாகவே கேட்டேன். “தம்பி, உன் மனச்சாட்சிக்குத் தெரியும். ஏதாவது தவறு நடந்திருந்தால் இப்பொழுதே சொல்லிவிடு. நாங்கள் காவல் நிலையத்துக்குப் போகமாட்டோம்” என்றேன். அதைப் பெருந்தன்மை என்றுகூட எண்ணிக்கொண்டேன். இப்பொழுது அந்த வார்த்தைகளை நினைத்தால் என் காது கூசுகிறது. எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை; எடுத்துவிட்டாய் என்று முடிவுசெய்து, மன்னிக்கத் தயாராக இருப்பதாகச் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய், ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை எடுத்துவந்து என் முன்பாகத் திறந்து வைத்தான். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சோப்புப் பெட்டி, தாயார் எழுதிய இரண்டு இன்லண்டு கடிதங்கள், மடித்து வைத்த நானூறு ரூபாய். “பாருங்கய்யா” என்றான்.

நான் பார்த்தேன். வேண்டாம் தம்பி, மூடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். சாக்கிலே வெள்ளிப் பாத்திரம் அகப்பட்ட பென்யமீனின் கதையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அது அவன் அறியாமல் வைக்கப்பட்டது என்று எத்தனை முறை விளக்கியிருப்பேன்! வேதாகமக் கல்லூரியில் படித்த அந்தப் பாடம் அந்தக் காலையில் என் நினைவுக்கு வரவேயில்லை.

மறுநாள் நாகர்கோவில் செல்லும் ரயிலில் அவன் ஊருக்குப் போய்விட்டான். அந்த மாதச் சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. பார்த்தீர்களா, குற்றமுள்ளவன் ஓடிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள்.

ஒன்பதாவது நாள் சகோதரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மான்கூர்டில் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் பேசினார். பெருமழை பெய்த இரவில் ஒரு சிறு வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது, பின்பக்கத்திலிருந்து ஒரு பை எகிறி விழுந்தது. கூப்பிட்டும் வண்டி நிற்கவில்லை. பையில் இருந்த ஹார்டுவேர் கடை ரசீதைக்கொண்டு அந்தக் கடையைத் தேடிப் பிடித்து எண் வாங்கினேன் என்றார். ஒரு ரெஞ்சுகூடக் குறையாமல் எல்லாம் அப்படியே இருந்தது. நனைந்த கருவிகளுக்கு அவர் எண்ணெய்கூடத் தடவி வைத்திருந்தார்.

கயிற்றை அவிழ்த்தது மழையும் குலுக்கலும். நைலான் கயிறு நனைந்தால் முடிச்சு வழுக்கும். வண்டியின் பின்கதவு ஓரடி உயரந்தான். குழாய்க்கட்டின் மேலிருந்த பை அதற்கும் மேலே இருந்தது. இவை யாவும் எங்கள் கண்முன்னே இருந்தன. ஆனால் நாங்கள் கயிற்றைப் பார்க்கவில்லை, கட்டியவனைப் பார்த்தோம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் நான் ஊருக்குப் போனபோது அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். சகோதரர் கொடுத்தனுப்பிய சம்பளத்தையும் கொண்டுபோனேன். அவனுடைய தாயார் காபி கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். “சரிங்கய்யா, விடுங்க” என்றான். வேலைக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்டதற்கு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். புறப்படும்போது பேருந்து நிறுத்தம்வரை வந்தான். அங்கே நின்றுகொண்டு, “ஐயா, வண்டியிலே ஒரு பெட்டி வச்சிரலாம்னு அண்ணாச்சிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ஒன்பதாயிரம் ஆகும்னு வேண்டாம்னுட்டாக” என்றான். வேறு குறை அவன் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நான் அதைச் சகோதரரிடம் சொன்ன வாரத்திலேயே அவர் குர்லாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் பெட்டிக்குச் சொல்லிவிட்டார். நானும் கூடவே போனேன். அங்கே வேலை செய்த முதியவர் ஒருவர் பொறுமையாக எங்களுக்கு விளக்கிச் சொன்னவற்றையும், பின்வந்த ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் உங்கள் பிரயோஜனத்துக்காக எழுதுகிறேன்.

முதலாவது, பெட்டி கழற்றக்கூடியதாய் இருக்கட்டும்.

வண்டி முழுவதையும் அடைத்து நிரந்தரக் கூண்டு கட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு காரணங்களால் அது வேண்டாம். ஒன்று, வருமானம். வாரத்தில் ஐந்து நாள் பிளம்பிங் வேலை. ஆறாவது நாள் ஒரு வீட்டுச் சாமான் மாற்றும் வாடகை வரும். பீரோவும் கட்டிலும் ஏற்ற முழு இடமும் வேண்டும். மற்றொன்று, சட்டம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லுகிறது. திறந்த பாடி என்று பதிவான வண்டியை உரிய அனுமதி இல்லாமல் மூடிய பாடியாக மாற்றினால் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது தொல்லை வரும். கழற்றி இறக்கக்கூடிய பெட்டி அப்படிப்பட்டதல்ல; ஆயினும் துளை போடுவதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, வைக்கும் இடத்தைக் கவனியுங்கள்.

கேபினுக்குப் பின்னால், அதன் முதுகை ஒட்டிக் குறுக்காக வையுங்கள். பின்கதவின் அருகில் வைத்தால் திருடனுக்கும் வசதி, வண்டிக்கும் கேடு. பின் அச்சுக்கு அப்பால் பாரம் சேர்ந்தால் முன்சக்கரங்களின் மேலுள்ள அழுத்தம் குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். எங்கள் பெட்டி நாலரை அடி அகலம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரம். கேபினின் பின்கண்ணாடியை மறைக்காத உயரம் அதுவே.

எடையையும் கணக்கிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ. எங்கள் பெட்டிக்கு 4 சதுர மீட்டர் தகடு பிடித்தது, 1.6 மில்லிமீட்டர் கனத்தில் 50 கிலோ, உள்ளே கொடுத்த ஆங்கிள் சட்டத்தோடு 65 கிலோ. கருவிகள் 150 கிலோ. ஆக முக்கால் டன் வண்டியில் 215 கிலோ போய்விட்டது. மீதி 535 கிலோதான் சரக்குக்கு. இதை மறந்து ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. அலுமினியத் தகட்டில் செய்தால், அதே கனத்துக்கு எடை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விலை கூடும், கடப்பாரைக்கு எளிதில் வளையும்.

மூன்றாவது, பெட்டியைப் பிணைக்கும் முறை.

இங்கேதான் அநேகர் ஏமாந்துபோகிறார்கள். பெரிய பூட்டாகப் பூட்டிவிட்டு, பெட்டியை நான்கு போல்ட்டுகளால் வெளிப்புறமாக முடுக்கிவிடுகிறார்கள். திருடன் பூட்டைத் தொடமாட்டான். ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். போல்ட்டின் தலை பெட்டிக்கு உள்ளே இருக்கவேண்டும். அப்போதுதான் மூடியைத் திறந்தவன் மட்டுமே அதைக் கழற்ற முடியும். நட்டு வண்டியின் தளத்துக்கு அடியில், ஒரு கனமான இரும்புப் பட்டையோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கவேண்டும். கீழிருந்து திருக முடியாது. அந்தப் பட்டை, மெல்லிய தளத்தகடு கிழியாதபடி பாரத்தையும் பகிர்ந்து தாங்கும். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் மேல் துளை விழுந்தால் ஆபத்து. சேஸிஸ் சட்டத்தில் ஒருபோதும் துளையிடாதீர்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் பிக்கப் வண்டிகளின் பக்கச்சுவர்களின் மேல் குறுக்காக உட்காரும் பெட்டிகளை, துளையே போடாமல் கொக்கி வடிவப் போல்ட்டுகளால் விளிம்பில் இறுக்குகிறார்கள். நம் வண்டிகளின் பக்கத்தடுப்புகள் கீழே மடக்கித் திறப்பவையாதலால் தளத்தில்தான் பிணைக்கவேண்டும்.

நான்காவது, பூட்டும் கீலும்.

கொண்டியையும் நாதாங்கியையும் திருகாணியால் மாட்டாமல் வெல்டிங் செய்யுங்கள். பூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மறைக்கும் இரும்புக் கூடு ஒன்று வைத்தால், கட்டருக்கும் சுத்தியலுக்கும் இடம் இராது. சாவி நுழையும் வழி மட்டும் கீழே இருக்கட்டும். கீல்கள் உட்புறமாக இருக்கவேண்டும். மூடியின் விளிம்பு ஓர் அங்குலம் கீழே மடிந்து பெட்டியைக் கவிந்துகொள்ளட்டும். கடப்பாரை நுழையாது, மழையும் நுழையாது. நீண்ட மூடிக்கு நடுவில் ஒரே பூட்டுப் போட்டால் மூலையை நெம்பித் தூக்குவார்கள். ஆகையால் இரு முனைகளிலும் இரண்டு பூட்டு வேண்டும்.

ஐந்தாவது, மழையும் துருவும்.

மூடியின் உட்புறம் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். இருந்தாலும் ஈரம் சேரும். தளத்தின் மூலைகளில் சிறு துளைகள் விட்டு, மேலே மரச்சட்டங்களைப் பரப்புங்கள். ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் எனாமல் அடியுங்கள். துளையிட்ட இடங்களையும் பூசுங்கள். பெட்டிக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வைத்தால் ஓசையும் உராய்வும் குறையும். ஒரு எச்சரிப்பு: பெட்ரோல், தின்னர், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றை இப்படி மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கவலையற்று இருக்கவேண்டாம். சாதாரண வாகனப் பாலிசி வண்டியைத்தான் காக்கும். உள்ளிருக்கும் கருவிகளுக்குத் தனியாகப் பாலிசி எடுக்கவேண்டும். கருவிகளின் எண்களையும் ரசீதுகளையும் வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவதாக ஒன்று உண்டு. இது பட்டறைக்காரர் சொன்னதல்ல. பெட்டிக்கு இரண்டு சாவி உண்டாயிருக்கட்டும். இரண்டாவது சாவி உதவியாளனிடத்தில் இருக்கட்டும்.

நம்பிக்கையில்லாமல் அந்தப் பெட்டியைச் செய்தால் அது இன்னொரு சந்தேகத்துக்கே வழிவைக்கும். சாவி முதலாளியிடம் மட்டும் இருந்தால், பூட்டு உதவியாளனுக்கு எதிராகப் போடப்பட்டது என்று ஆகிவிடும். எங்கள் சகோதரர் மூடியின் உட்புறத்தில் ஒரு பட்டியலை ஒட்டிவைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை. காலையில் புறப்படும்போதும் மாலையில் வேலை முடிந்தபோதும் இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த எண்ணிக்கை உதவியாளனைச் சோதிப்பதற்காக அல்ல, அவனைக் காப்பதற்காக. ஏதேனும் குறைந்தால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் குறைந்தது என்று இருவரும் அறிவார்கள். அந்த ஜூலை மாதத்து இரவில், கார்கரிலும் தாராவியிலும் இரண்டு நிமிடம் எண்ணியிருந்தால் பை வழியில்தான் விழுந்தது என்று அன்றே தெரிந்திருக்கும். ஒரு தாயின் மகன் திருடன் என்ற பெயரோடு ரயில் ஏறியிருக்கமாட்டான்.

2018ஆம் ஆண்டில் சகோதரர் அந்தக் குட்டி யானையை விற்றுவிட்டார். விற்பதற்கு முந்தின நாள் மாலை நானும் அங்கே இருந்தேன். மூடியைத் திறந்து, உள்ளிருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, இருவர் இருபுறமும் பிடித்து இறக்கினார்கள். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. புதிதாக வாங்கிய வண்டியில் அதே பெட்டி ஏறிற்று. துளைகளை மட்டும் புதிதாக அளந்து போடவேண்டியிருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் அதிகம் என்று தோன்றிய அந்தப் பெட்டி, இந்நாள்வரை அவர் கருவிகளைக் காத்து வருகிறது. இப்பொழுது அவரிடம் வேலை செய்கிற உதவியாளன் வேறொருவன். அவன் இடுப்புக் கயிற்றில் இரண்டாவது சாவி தொங்குகிறது.

அன்பான வாசகரே, உங்கள் வண்டி இன்றிரவு எந்தத் தெருவில் நிற்கிறது? அதன் பின்பக்கத்தில் தார்ப்பாயும் கயிறும் மட்டும் இருந்தால், அடுத்த மாத வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இழந்தபின் செய்வதை இழக்குமுன் செய்யுங்கள். அதையும் மீறி ஒரு பொருள் காணாமற்போனால், முதலாவது கயிற்றைப் பாருங்கள், கதவைப் பாருங்கள், வந்த வழியைப் பாருங்கள். உங்களை நம்பி ஊரை விட்டு வந்த பிள்ளையின் தகரப் பெட்டியை மாத்திரம் திறக்கச் செய்யாதீர்கள். அவனாகத் திறந்து வைத்தாலும், குனிந்து பாராமல் மூடிவிடுங்கள்.

நான் குனிந்து பார்த்தவன். ஆகையால் சொல்லுகிறேன்.